சைக்கிள் தூரத்தில் ஒரு வீடு

2025 மார்ச் மாதம். தெலுக் இந்தானில் ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, “வீட்டை விக்கப் போறேம்மா. ரெண்டு மாசம் டைம் எடுத்துக்குங்க” என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஒன்பது ஆண்டுகளில் இரண்டே முறைதான் வாடகையை ஏற்றியவர். வீடு அவருடையது, விற்பதும் அவர் விருப்பம். ஆனாலும் அவர் போன பிறகு அடுப்பில் இருந்த சாம்பாரைக் கிளறக்கூட எனக்குக் கை வரவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். எனக்கு 46 வயது. முழங்கால் வலியோடு நடமாடும் அம்மா, அந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுத வேண்டிய மகள். கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஹுத்தான் மெலிந்தாங்கில் பெர்ணாம் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு மீன் மொத்த வியாபாரக் கடையில் நான் கிராணி. மீன் எடை, ஐஸ் கணக்கு, படகுக்காரர்களின் பற்று வரவு, இவைதான் என் வேலை. மாதச் சம்பளம் 2,050 வெள்ளி.

தெலுக் இந்தானிலிருந்து ஹுத்தான் மெலிந்தாங் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். உடன் வேலை செய்யும் தோழியின் காரில் மாதம் 200 வெள்ளி கொடுத்துப் போய் வந்துகொண்டிருந்தேன். அவரும் மே மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு ஷா ஆலாமில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டார். “ஏன், மோட்டார் ஓட்டத் தெரியாதா?” என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். என் கணவர் போனது மோட்டார் விபத்தில். அதற்குப் பிறகு அந்தச் சாவியை என்னால் தொட முடியவில்லை. சைக்கிள் என்றால் மட்டும் பயமில்லை. தோட்டத்துச் செம்மண் சாலையில் அப்பா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வரக் கற்றுக்கொண்டது அது.

ஆக, என் தேடல் இப்படித் தொடங்கியது: வேலைக்குச் சைக்கிளில் போகிற தூரத்தில், என் சம்பளம் தாங்குகிற வாடகையில், மூன்று பேருக்கு ஒரு வீடு.

எவ்வளவு தூரம் சைக்கிள் தூரம்?

இத்தாலியைச் சேர்ந்த செசாரே மார்க்கெட்டி என்ற இயற்பியலாளர் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்கள் நடந்து போன காலத்திலும் சரி, கார் ஓட்டும் காலத்திலும் சரி, போய் வருவதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் செலவிட விரும்புகிறார்கள் என்பது அவர் சொன்ன கருத்து. அதாவது போக அரை மணி, வர அரை மணி. வேகம் கூடினால் வீடு தள்ளிப் போகும். நேரம் மட்டும் மாறாது.

இந்தக் கணக்கைச் சைக்கிளுக்குப் போட்டுப் பாருங்கள். அவசரமில்லாமல் மிதித்தால் மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீட்டர் போகலாம். அரை மணி நேரத்தில் ஆறு முதல் ஏழரை கிலோமீட்டர். ஒரு தாளில் ஹுத்தான் மெலிந்தாங் கடைத்தெருவை நடுவில் குறித்து, ஏழு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். அதற்குள்தான் என் வீடு இருக்க வேண்டும்.

இந்த ஊரில் சைக்கிளுக்கு ஒரு வசதி உண்டு. பாகான் டத்தோ வட்டாரம் முழுக்க மேடு பள்ளமே இல்லாத கரையோரச் சமவெளி. ஆனால் தொல்லைகளும் உண்டு. பெரிய சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உரசிக்கொண்டு போகும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். சில நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று வரும்.

இன்னொன்றை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சைக்கிள் கடைச் சீனப் பெரியவர். முன்கூடை வைத்த பழைய சைக்கிள் ஒன்றை அவரிடம் 180 வெள்ளிக்கு வாங்கினேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டபடியே, வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். இன்னும் கிடைக்கவில்லை என்றேன். “கடல் பக்கம் பார்க்காதே; ஜெண்டராத்தா பக்கம் பார்” என்றார். காரணம் எளிமையானது. கடல் மேற்கே இருக்கிறது. வீடு மேற்கே இருந்தால் காலையில் கிழக்கு நோக்கி வர வேண்டும். வெயில் முகத்தில் அடிக்கும். மாலையில் மேற்கு நோக்கித் திரும்ப வேண்டும். அப்போதும் வெயில் முகத்தில். போதாததற்குப் பிற்பகலில் வீசும் கடல்காற்று எதிர்க்காற்றாக நிற்கும். வீடு கிழக்கே இருந்தால் இரண்டு வேளையும் வெயில் முதுகுக்கு. மாலைக் காற்றும் முதுகைத் தள்ளிவிடும். பத்து ஆண்டுகள் அந்த ஊரில் வேலை செய்தும் இது எனக்குத் தோன்றியதில்லை.

கடலுக்குப் பக்கம், ஆனால் கடற்கரை அல்ல

“கடலோரத்தில் வீடு பார்க்கிறேன்” என்றதும் கோலாலம்பூரில் இருக்கும் என் நாத்தனார், “கொடுத்து வெச்சவ!” என்றார். பினாங்கிலோ போர்ட் டிக்சனிலோ கடலைப் பார்த்த வீடென்றால் வாடகை ஏறும். எங்கள் பக்கம் கதை வேறு. இங்கே மணல் இல்லை. சேறும் பாக்காவ் மரங்களும்தான். பேராக்கிற்கும் சிலாங்கூருக்கும் எல்லையாக ஓடும் பெர்ணாம் ஆறு, ஊரைத் தாண்டிப் போய்க் கடலில் கலக்கிறது. கடல் ஏறினால் ஆறும் ஏறும். நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி அதிகமாக ஏறும். அந்த நேரத்தில் மழையும் சேர்ந்துகொண்டால் வாய்க்கால் நீர் ஆற்றுக்குள் வடிய வழியில்லாமல் முற்றத்துக்கு வந்துவிடும்.

இந்த நிலமே தண்ணீரோடு மல்லுக்கட்டி எடுத்த நிலம்தான். கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, நீர் வாயிலுக்குக் கதவு வைத்துத்தான் இங்கே தென்னையும் ரப்பரும் பின்னர் செம்பனையும் வந்தன. 1906இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற பொறியியலாளர் ஜெண்டராத்தா ரப்பர் கம்பெனியைத் தொடங்கினார். இன்றைய யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். நம் பாட்டன் பூட்டன்கள் இந்தச் சேற்றில் இறங்கியது அந்தக் காலத்தில்தான்.

இப்போது வட்டாரம் மாறிக்கொண்டிருக்கிறது. 2017இல் பாகான் டத்தோ பேராக்கின் 12ஆவது மாவட்டமானது. 2019இல் மேற்குக்கரை நெடுஞ்சாலையின் ஹுத்தான் மெலிந்தாங் – தெலுக் இந்தான் பகுதி திறக்கப்பட்டது. கார் வைத்திருப்பவருக்கு எல்லாம் பக்கமாகிவிட்டது. சைக்கிள் வைத்திருப்பவருக்கு ஏழு கிலோமீட்டர் இன்னும் ஏழு கிலோமீட்டர்தான்.

பார்த்த வீடுகள்

‘ரூமா செவா’ என்று கம்பத்தில் ஒட்டியிருந்த எண்ணுக்கு முதலில் தொலைபேசி போட்டேன். எடுத்தவர் வீட்டைப் பற்றிச் சொல்லும் முன்பே என்ன இனம் என்று கேட்டார். சொன்னேன். வீடு நேற்றே போய்விட்டது என்றார். மறுநாள் அதே கம்பத்தில் அதே தாள் இருந்தது. ஒரு வாரம் கழித்தும் இருந்தது. வாடகைக்கு வீடு தேடிய இந்தியர் யாருக்கும் இது புதிதல்ல. வாடகை வீடுகளுக்கென்று தனியாக ஒரு சட்டம் கொண்டுவருவது பற்றி வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது. எனக்கு அதற்காகக் காத்திருக்க நேரமில்லை.

அடுத்தது நம்மவர் வீடு. அந்த அம்மாள் என் பெயர், ஊர், பூர்வீகத் தோட்டம் எல்லாம் விசாரித்துவிட்டு, “வீட்டுல ஆம்பள யாரு?” என்றார். நாங்கள் மூன்று பேரும் பெண்கள் என்றேன். “யோசிச்சுச் சொல்றேன்மா” என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இனம் கேட்டவர் மீது வந்த கோபத்தைவிட இவர் மீது வந்த வருத்தம் எனக்கு அதிகம்.

மூன்றாவது, ஆற்றங்கரையில் ஒரு பலகை வீடு. கடையிலிருந்து நடந்தே போகலாம். வாடகை 280 வெள்ளிதான். ஜன்னலைத் திறந்தால் படகுகள். மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் உள்ளே போனதும் எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. மின்சார பிளக் எல்லாம் என் மார்பு உயரத்தில் இருந்தன. ஏன் இவ்வளவு மேலே என்று யோசித்தபடி சுவரைப் பார்த்தேன். முட்டிக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில். வீட்டுக்காரர் மறைக்கவில்லை. “வருசத்துக்கு ரெண்டு மூணு முறைதான். ஒரு மணி நேரத்துல வடிஞ்சிடும்” என்றார். அவருக்கு அது பழக்கம். முழங்கால் மடக்க முடியாத என் அம்மாவை அந்த ஒரு மணி நேரம் எங்கே தூக்கி வைப்பேன்?

நாலாவது ஒரு தாமானில். இணைப்பு வீடு, மூன்று அறை, ஓடு பதித்த தரை. வாடகை 650 வெள்ளி. இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம். மொத்தம் 2,275 வெள்ளியைக் கையில் வைத்துவிட்டுத்தான் சாவி. என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அது கூடுதல். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மலிவு அடுக்குமாடி வீடுகளுக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். பி.பி.ஆர். எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மாத வாடகை 124 வெள்ளிதான். ஆனால் விண்ணப்பித்துக் காத்திருக்கும் நிலையில் நான் இல்லை. என்னிடம் இருந்தது இரண்டு மாதம்; அதில் ஐந்து வாரம் போயாகிவிட்டது.

“அதுவும் லயம்தாண்டி”

நான் அலைவது கடை முதலாளியின் காதுக்குப் போயிற்று. ஒருநாள் மாலை கணக்கு முடிக்கும் நேரத்தில் தவுக்கே என்னைக் கூப்பிட்டார். ஐஸ் கிடங்குக்குப் பின்னால் கல் வீடு ஒன்று சும்மா கிடக்கிறது, வெள்ளையடித்துத் தருகிறேன், மாதம் 250 வெள்ளி சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம், முன்பணம் வேண்டாம் என்றார். நல்ல மனிதர். என் கணவர் இறந்தபோது காரியச் செலவுக்குக் கேட்காமலே பணம் கொடுத்தவர்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சந்தோஷத்தால். சைக்கிள்கூட வேண்டாம், நூறு அடி நடந்தால் வேலை. வாடகை 250, மகளைத் தெலுக் இந்தான் பள்ளிக்கு அனுப்ப வேன் கட்டணம் 130, மொத்தம் 380 வெள்ளி. இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்?

விடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அதுவும் லயம்தாண்டி” என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

என் தாத்தா, அப்பா, நான், மூன்று தலைமுறையும் பிறந்தது தோட்டத்து லயத்தில். அப்பா முதலில் பால் மரம் சீவினார். மரம் அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டினார். விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்கு நடந்து போக அவருக்கு ஐந்து நிமிடம். வேலைக்கு எவ்வளவு தூரம் என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. வாடகையும் இல்லை. தண்ணீர், விறகு, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் கூப்பிடு தூரம். இன்றைக்கு நகரங்களைத் திட்டமிடுகிறவர்கள் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் கிடைக்க வேண்டும் என்கிறார்களே, லயத்தில் அது ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

ஆனால் வீடும் வேலையும் ஒரே முடிச்சு. மேனேஜரிடம் எதிர்த்துப் பேசும் முன் அப்பா வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். காய்ச்சலில் படுத்தாலும் வீட்டைப் பற்றிய கவலை. அம்மாவுக்கும் அங்கே பெயர்ப்பதிவு இருந்ததால் இருவரில் ஒருவருக்கு வேலை போனாலும் பிரச்சினை. அப்பா 55 வயதில் ஓய்வு பெற்றார். கையில் கொஞ்சம் ஊழியர் சேமநிதிப் பணம். கூடவே வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம். முப்பத்தாறு ஆண்டு இருந்த வீட்டிலிருந்து ஒரு லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தோம். முருங்கை மரத்தை மட்டும் ஏற்ற முடியவில்லை என்று அம்மா இப்போதும் சொல்வார். அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்தக் காலத்தில் எத்தனையோ தோட்டங்களில் நடந்த கதைதான்.

தோட்ட வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1990ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. 446ஆம் சட்டம் என்பார்கள். பின்னர் 2019இல் அதைத் திருத்தி மற்றத் துறைகளுக்கும் விரித்தார்கள். வேலை பார்ப்பவருக்கு முதலாளி கொடுக்கும் வீட்டில் தண்ணீர், மின்சாரம், இடம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அம்மா பேசியது வீட்டின் தரத்தைப் பற்றி அல்ல. சம்பளம் கொடுக்கிற கையும் சாவி கொடுக்கிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதுதான் அவர் சொன்னது. “அவரு நல்லவருதான். அவருக்குப் பிறகு அவரு மகன்? நாளைக்கு உனக்கு வேற நல்ல வேலை கிடைச்சா, அன்னிக்கே மூட்டையைக் கட்டணும். எங்கள மாதிரி நீயும் வீட்டுக்காக வேலை பார்க்கப் போறியா?” என்று கேட்டார்.

தவுக்கேயிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். அம்மாவுக்கு ஆற்றங்கரை ஈரம் ஒத்துக்கொள்ளாது என்றேன். அது பொய்யும் அல்ல. அவர் வருத்தப்படவில்லை. “உன் இஷ்டம்” என்றார். பயந்தது நான்தான். மூன்று வாரம் மிச்சம். கையில் வந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவின் பேச்சைக் கேட்டு மகளை நடுத்தெருவில் நிறுத்தப் போகிறேனோ என்று அன்று இரவு அழுதேன்.

மாக்சிக்கின் வீடு

கடைசியில் வீடு கிடைத்தது விளம்பரத்தால் அல்ல. கடைக்கு மீன் வாங்க வரும் ஒரு மலாய்ப் பெண்மணி, தன் அத்தையின் பழைய வீடு பூட்டிக் கிடப்பதாகச் சொன்னார். ஜெண்டராத்தா போகும் திசையில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் கம்பத்துச் சாலையில், கடையிலிருந்து ஆறு கிலோமீட்டர். பாதிச் சுவர் கல், பாதிச் சுவர் பலகை, தகரக் கூரை, இரண்டு அறை. வாடகை 430 வெள்ளி.

இந்த முறை வீட்டைப் பார்க்கும் முன் சுவரைப் பார்த்தேன். கோடு இல்லை. வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன். பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, பெருமழையில் இங்கே என்ன ஆகும் என்று விசாரித்தேன். சாலைதான் நனையும், வாசல் நனையாது என்றார்கள். அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் மழை தூறிக்கொண்டிருந்த மாலையில் சைக்கிளிலேயே போய் இன்னொரு முறை பார்த்தேன். முற்றம் காய்ந்திருந்தது. கடையிலிருந்து அரை மணி நேரம் ஆயிற்று. மூச்சு வாங்கியது, ஆனால் மிதிக்க முடிந்தது.

மாக்சிக் எழுதப் படிக்கச் சிரமப்படுபவர். ஒப்பந்தம் எல்லாம் எதற்கு, நாக், வாய்ச்சொல் போதாதா என்றார். இருவருக்கும் நல்லது என்று எடுத்துச் சொன்னேன். ஓராண்டுக்கு ஒப்பந்தம் எழுதி, உள்நாட்டு வருமான வாரியத்தில் முத்திரை வரி கட்டினோம். முன்பெல்லாம் ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு வரி கிடையாது; 2025 ஜனவரி முதல் அந்தச் சலுகை இல்லை. ஓராண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி. எங்கள் 5,160 வெள்ளிக்கு 21 வெள்ளி. இரண்டாவது படிக்கு 10 வெள்ளி. ஆக 31 வெள்ளியில் கையில் ஒரு பத்திரம். முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். குத்தகைக் காலம் முடிந்த பிறகு வாடகைக்கு இருப்பவர் வெளியேறாவிட்டால், வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தாமாகப் பூட்டுப் போட்டுத் துரத்த முடியாது. சட்டத்திலேயே இருக்கும் விதி இது. அப்பா காலத்தில் எங்களுக்கு இதையெல்லாம் சொல்ல ஆளில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வாடகை 430, பள்ளி வேன் 130, மொத்தம் 560 வெள்ளி. என் சம்பளத்தில் 27 விழுக்காடு. வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளில் புழங்கும் பொதுக்கணக்கு. அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டேன். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்குகிறவருக்கு அந்தக் கோடு 510 வெள்ளி. வாடகை, வேலைக்குப் போய்வரும் செலவு, பிள்ளை பள்ளிக்குப் போகும் செலவு மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும் என்றால் எத்தனை பேருக்கு அடங்கும் என்று நீங்களே பாருங்கள்.

தவுக்கே கொடுத்த வீட்டைவிட எனக்கு மாதம் 180 வெள்ளி கூடுதல். ஆண்டுக்கு 2,160. என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே. அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுக்கும் விலை அது.

வீடு தேடுகிறவர்களுக்கு

இரண்டு மாத அலைச்சலில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாருக்காவது உதவட்டும்.

• வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். வாடகையோடு வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் செலவைக் கூட்டிப் பாருங்கள். மலிவான வீடு தூரத்தில் இருந்தால் அது மலிவல்ல.

• கரையோரத்தில் வீடென்றால் சுவரில் நீர்க்கோடு, பிளக் இருக்கும் உயரம், கதவு நிலையின் அடிப்பகுதி மூன்றையும் பாருங்கள். வீட்டுக்காரரைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்புங்கள்.

• நாட்காட்டியைப் பார்த்து, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி ஒருமுறை போய்ப் பாருங்கள்.

• சைக்கிளில் போவதானால் முன்பணம் கொடுக்கும் முன் ஒருமுறை காலையிலும் ஒருமுறை மாலையிலும் மிதித்துப் பாருங்கள். வெயில், காற்று, லோரி மூன்றும் அப்போதுதான் தெரியும்.

• உப்புக்காற்றில் சங்கிலி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். இருட்டும் முன் வீடு சேர முடியாத வேலை என்றால் முன்னும் பின்னும் விளக்கு வையுங்கள்.

• தெரிந்தவர் வீடானாலும் ஒப்பந்தம் எழுதி முத்திரை வரி கட்டுங்கள்.

பிறகு

மே மாதக் கடைசியில் குடிபோனோம். முதல் இரண்டு வாரம் தொடை வலி உயிரை எடுத்தது. மூன்றாவது வாரம் வலி போய்விட்டது. மழை நாளில் கடையிலேயே மாற்றுடை ஒன்று வைத்திருக்கிறேன். மகள் பரீட்சை எழுதி முடித்தாள். மாக்சிக் ரம்புத்தான் காய்த்தால் ஒரு கொத்து அனுப்புவார். அம்மா பதிலுக்கு முறுக்கு கொடுத்து அனுப்புவார்.

ஒரு சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறும் வேலைக்கு வர முடியுமா என்று தவுக்கே கேட்டார். மகளுக்கு அன்று கோயிலில் அர்ச்சனை வைத்திருந்தோம். “முடியாது, தவுக்கே” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான், ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு மிதித்துக்கொண்டு வரும்போது யோசித்தேன். அப்பாவால் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட இந்த இரண்டு வார்த்தைகளை இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிந்ததில்லை.

மழைக்காலத்துப் பௌர்ணமி ஒன்றில் ஆறு ஏறியது. ஐஸ் கிடங்குக்குப் பின்னால் அந்தக் கல் வீட்டின் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மாலையில் சைக்கிளை உள்ளே ஏற்றி வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா நாட்காட்டியில் அன்றைய தேதியைப் பென்சிலால் வட்டமிட்டார். பிறகு வாசலைப் பார்த்தார். வாசலில் அவர் நட்ட முருங்கைக் கிளை நாலு இலை விட்டிருந்தது.

“அடுத்த வருசமும் ஒப்பந்தம் எழுதிடு” என்றார்.